இரண்டு கேள்விகளும் ஒரு குத்தகைப் பத்திரமும்

சித்திரைத் திருவிழாவுக்காக ஹூஸ்டனில் இருந்து தம்பி வந்திருந்தான். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று இரவு, செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவு 11 மணிக்கும் தளம் விடாமல் கக்கிக்கொண்டிருந்தது. டி.கல்லுப்பட்டிப் பக்கத்து ஊரில் இருந்து எங்கள் தாய்மாமாவும் வந்திருந்தார். அவர் சாமி பார்க்க மட்டும் வரவில்லை என்பது தலைமாட்டில் இருந்த மஞ்சப்பையிலேயே தெரிந்தது. அவருடைய 7 ஏக்கர் கரிசல் காட்டைக் குத்தகைக்குக் கேட்டு, ஒரு சோலார் கம்பெனியின் சார்பில் புரோக்கர் கொடுத்துவிட்டுப் போன ஆங்கிலப் பத்திரம் அதற்குள் இருந்தது.

பத்திரத்தை வெளியே எடுப்பதற்கு முன்பே தம்பி பேச்சைத் தொடங்கிவிட்டான். “காலநிலை மாற்றம்ங்கிறதே சோலார் விக்கிறவன் கிளப்பிவிட்ட வியாபாரம் மாமா. அமெரிக்காவுல பாதிப் பேரு இதைத்தான் சொல்றாங்க” என்றான். “அப்ப இந்த வேக்காட்டைக் கிளப்பிவிட்டது யாரு மாப்ள?” என்று மாமா கேட்டார். பிறகு ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. நான் 31 ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். ஆனாலும் அன்று உருப்படியாக எதையும் சொல்லவில்லை. தம்பி சொன்னதில் ஒரு பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்து அவன் வந்து சேர்ந்த முடிவு பிழை. இரண்டையும் பிரித்துக் காட்டும் வார்த்தை எனக்கு அப்போது வாய்க்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பூமி சூடேறுகிறதா, அதற்கு நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் காரணமா என்பது ஒரு கேள்வி. அதைச் சொல்லியோ மறுத்தோ யார் சம்பாதிக்கிறார்கள் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு வெப்பமானி பதில் சொல்லும். இரண்டாவதற்குக் கணக்குப் புத்தகமும் பத்திரப்பதிவு அலுவலகமும் பதில் சொல்லும். ஊரில் காலரா பரவுகிறது என்று சொல்லும் டாக்டருக்கு அதே தெருவில் மருந்துக்கடை இருக்கிறது என்பதற்காகக் காலரா இல்லையென்று ஆகிவிடாது. காலரா இருப்பது உண்மை என்பதற்காக, அவர் எழுதும் சீட்டைச் சரிபார்க்காமல் வாங்கிக்கொண்டு வரவும் முடியாது.

இதில் எனக்கும் ஆதாயம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின் கீழ் எங்கள் மாடியில் 3 கிலோவாட் சோலார் தகடுகள் போட்டு, 78,000 ரூபாய் மானியம் வாங்கியிருக்கிறேன். தம்பிக்கோ எண்ணெய்த் துரப்பணத்துக்குக் கருவிகள் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. எண்ணெய்ச் சம்பளம் வாங்குவதால்தான் அவன் இப்படிப் பேசுகிறான் என்று நான் சொல்லியிருந்தால், அவன் செய்த தவறையே நானும் செய்தவன் ஆவேன். அவன் சொல்வது சரியா என்பதை அவன் சம்பளச் சீட்டை வைத்து முடிவு செய்ய முடியாது.

சோலார் விற்பவர்கள் கிளப்பியது என்ற வாதத்துக்கு வரலாறே பதில் சொல்லிவிடுகிறது. காற்றில் உள்ள கரியமில வாயு கூடினால் பூமியின் வெப்பம் எவ்வளவு கூடும் என்று சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஸ்வாந்தே அரீனியஸ் கையால் கணக்குப் போட்டு வெளியிட்ட ஆண்டு 1896. பென்னிகுக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் நம் வைகைப் பாசனத்துக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. சோலார் தகடு வியாபாரம் என்று ஒன்று அப்போது இருக்கவில்லை. அடுத்து 1938இல், பல நாட்டு வெப்பநிலைப் பதிவுகளைச் சேர்த்துவைத்து, பூமி ஏற்கெனவே சூடேறத் தொடங்கிவிட்டது என்று காட்டியவர் கை ஸ்டீவர்ட் காலண்டர் (Guy Callendar) என்ற ஆங்கிலேயர். அவர் நீராவிப் பொறியாளர். அந்தச் சூடு குளிர்நாட்டு வேளாண்மைக்கு நல்லதென்றே நினைத்தார். பிறகு 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. இந்த மூவரில் ஒருவருக்கும் இதில் விற்பதற்குச் சரக்கு இருக்கவில்லை.

அப்படியிருக்க, இது எப்படி அமெரிக்காவில் கட்சி விவகாரம் ஆயிற்று என்பதை நான் தம்பிக்காகவே தேடிப் படித்தேன். தொடக்கத்தில் அது கட்சி விவகாரமாக இருக்கவில்லை. 1988 ஜூன் மாதக் கடும் வெயிலில் நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன், பூமி சூடேறத் தொடங்கிவிட்டது என்று செனட் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். அதே ஆண்டுத் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் புஷ், வெள்ளை மாளிகையின் பலத்தைக் கொண்டு இதை எதிர்கொள்வேன் என்று வாக்குக் கொடுத்தார். மறு ஆண்டே எண்ணெய், நிலக்கரி, மோட்டார் கம்பெனிகள் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. அறிவியலில் இன்னும் தெளிவில்லை என்று மக்களையும் சட்டம் இயற்றுபவர்களையும் நம்பவைப்பது அதன் முக்கிய வேலையாக இருந்தது.

அந்தக் கம்பெனிகளுக்குள் தெளிவில்லாமல் இருந்ததா என்றால், இல்லை என்பதே பதில். எக்ஸான் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகள் 1977 முதலே மேலிடத்துக்கு இதைச் சொல்லிவந்தார்கள். அவர்கள் போட்டுவைத்த வெப்பக் கணிப்புகளைப் பின்னால் நடந்ததோடு ஒப்பிட்டு ‘சயின்ஸ்’ இதழில் 2023இல் ஒரு ஆய்வு வந்தது. பெரும்பாலான கணிப்புகள் சரியாகவே இருந்திருக்கின்றன. உள்ளே சரியான கணக்கை வைத்துக்கொண்டு வெளியே கணக்கே தெளிவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கம்பெனியின் 2022ஆம் ஆண்டு லாபம் ஏறத்தாழ 5,570 கோடி டாலர். சவூதி அராம்கோவுக்கு அதே ஆண்டில் 16,100 கோடி டாலர். காலநிலையை வைத்து யார் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டால், இந்தத் தொகைகளையும் சேர்த்தே கணக்கில் வைக்க வேண்டும் என்று தம்பியிடம் அன்று சொல்லியிருக்கலாம்.

2008 தேர்தலில்கூடக் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன் கார்பன் வெளியீட்டுக்கு உச்சவரம்பு வேண்டும் என்றுதான் பேசினார். இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. தெற்குக் கரோலினாவில் அதே கட்சியின் பாப் இங்கிலிஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், காலநிலை மாற்றம் உண்மை, கார்பனுக்கு வரி போடலாம் என்று சொன்னதையும் முக்கியக் காரணமாக வைத்து, 2010 உட்கட்சித் தேர்தலில் சொந்தக் கட்சிக்காரர்களாலேயே தோற்கடிக்கப்பட்டார். அதற்குப் பிறகு அந்தக் கட்சியில் வாய் திறப்பவர் குறைந்துபோனார்கள். 2022இல் தூய ஆற்றலுக்குப் பெரும் சலுகைகள் கொடுத்த சட்டத்துக்கு அந்தக் கட்சியில் இருந்து ஒரு வாக்கும் விழவில்லை. ஆனால் தம்பி குடியிருக்கும் டெக்சாஸ்தான் அந்த நாட்டிலேயே மிகுதியாகக் காற்றாலை மின்சாரம் எடுக்கும் மாநிலம். அதற்கு வழி திறந்த 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அப்போது ஆளுநராக இருந்த இளைய புஷ். காற்று நன்றாக வீசும் ஊரில் லாபம் தெரிந்தால் எந்தக் கட்சிக்காரரும் காற்றாலை போடுகிறார். மேடை ஏறினால் மட்டும் பேச்சு மாறுகிறது.

தம்பி சொன்னதில் உண்மையான பாதிக்கு வருகிறேன். பசுமை என்ற பெயரில் கொள்ளை நடந்திருக்கிறது. அதை மூடி மறைப்பது அறிவியலுக்குச் செய்யும் தொண்டு ஆகாது. குளிர்சாதனப் பெட்டிக்கான வாயு தயாரிக்கும்போது எச்.எஃப்.சி.-23 என்ற கழிவு வாயு கூடவே வரும். கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் சூடேற்றும் வாயு அது. அதை அழித்தால் கார்பன் வரவு (குறைத்த வாயுவுக்கு ஈடாகக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று) என்ற பெயரில் பணம் கிடைக்கும் என்று உலக ஏற்பாடு வந்தது. அழிக்க ஆகும் செலவைவிடக் கிடைக்கும் பணம் பல மடங்கு கூடுதலாக இருந்ததால், அழிப்பதற்காகவே கூடுதலாக உற்பத்தி செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு சீனாவிலும் நம் நாட்டிலும் இருந்த ஆலைகள்மேல் எழுந்தது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த வரவுகளை ஏற்பதையே நிறுத்திவிட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், கரியமில வாயு வெளியிடும் உரிமைகளை வாங்கி விற்கும் ஐரோப்பாவின் கார்பன் சந்தையில் வரி ஏய்ப்புக் கும்பல்கள் புகுந்து சுமார் 500 கோடி யூரோ சுருட்டியதாக அங்குள்ள காவல் அமைப்பான யூரோபோல் மதிப்பிட்டது. அமெரிக்க அரசு 53 கோடி டாலருக்கும் மேல் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்த சொலிண்ட்ரா என்ற சோலார் கம்பெனி 2011இல் திவாலானது. இவை எல்லாம் நடந்தவை. இவற்றில் ஒன்றுகூட மௌனா லோவாவில் அளக்கும் வாயுவை ஒரு பங்குகூடக் குறைத்துக் காட்டவில்லை.

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே எந்தப் பெரிய கட்சியும் காலநிலை மாற்றம் பொய் என்று சொல்வதில்லை. எல்லோரும் மரம் நடுகிறார்கள், எல்லோரும் மாநாடு நடத்துகிறார்கள். அதனால் இங்கே சண்டை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பணம் கைமாறும் இடத்தில்தான் நம் சண்டை தொடங்குகிறது. 2010இல் காங்கிரஸ் தலைமையிலான அரசு, தூய ஆற்றலுக்குச் செலவிடுவதற்கென்று நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் செஸ் என்ற தனி வரி விதித்தது. பா.ஜ.க. அரசு அதைப் படிப்படியாக உயர்த்தி 2016இல் 400 ரூபாய் ஆக்கியது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது, அந்தச் செஸ் மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் கணக்குக்குத் திருப்பிவிடப்பட்டது. அதுவரை வசூலானது சுமார் 86,000 கோடி ரூபாய். தூய ஆற்றல் நிதிக்குப் போனது அதில் 30,000 கோடிக்கும் சற்றுக் குறைவு. திட்டங்களுக்கு உண்மையில் செலவானது சுமார் 16,000 கோடி. நாம் கட்டிய மின்கட்டணத்துக்குள் ஒளிந்திருந்த பணம் இது. இரண்டு ஆட்சிகளின் கையும் பட்ட கணக்கு என்பதாலோ என்னவோ, எந்தத் தேர்தல் மேடையிலும் இதை யாரும் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

திருநெல்வேலியில் இருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை சுழலும் காற்றாலைகளில் பெரும்பகுதியைக் கொண்டுவந்து நிறுத்தியது பூமியைப் பற்றிய கவலை என்றும் சொல்ல முடியாது. போட்ட முதலை முதல் ஆண்டிலேயே ஒரு காலத்தில் 100 விழுக்காடும் பிறகு 80 விழுக்காடும் தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற சலுகைதான் நூற்பாலை முதலாளிகளை அங்கே அழைத்துச் சென்றது. எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. வரிச் சலுகைக்காக நட்ட காற்றாலையும் நிலக்கரி எரிக்காமல்தான் மின்சாரம் கொடுக்கிறது. ஆனால் லாபம் எங்கே இருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கமுதியில் 2016இல் அதானி குழுமம் 648 மெகாவாட் சோலார் நிலையத்தை முடித்தபோது, ஒரே இடத்தில் உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. சுமார் 2,500 ஏக்கர். அதன் மின்சாரத்துக்கு யூனிட் 7 ரூபாய் 1 காசு. மத்தியப் பிரதேசத்தில் ஏலத்தில் 5 ரூபாய்ச் சொச்சத்துக்குக் கிடைக்கும்போது இங்கே ஏன் 7 ரூபாய் என்று அப்போது எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க.வும் பா.ம.க.வும் கேட்டன. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் எல்லோருக்கும் பொதுவாக நிர்ணயித்த விலை என்று அ.தி.மு.க. அரசு பதில் சொன்னது. அது கேட்க வேண்டிய கேள்விதான். அதே கவனத்தோடு நிலக்கரிக் கொள்முதலையும் பார்த்திருக்க வேண்டும். 2012 முதல் 2016 வரை தரம் குறைந்த இந்தோனேசிய நிலக்கரியை உயர்ந்த விலை போட்டு மின்வாரியம் வாங்கியதில் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் பிறகு புகார் கொடுத்தது. வெயிலில் இருந்து வந்தாலும் கரியில் இருந்து வந்தாலும் மின்சாரத்துக்குப் பில் போடும் இடம் ஒன்றே.

எங்கள் செல்லூரிலேயே இன்னொரு வகையைப் பார்த்தேன். 2024 அக்டோபர் 25ஆம் தேதி பெய்த பேய்மழையில் பந்தல்குடி கால்வாய் நிரம்பி வழிந்து, தெருக்கள் முழுவதும் தண்ணீர் நின்றது. எங்கள் வீட்டிலும் முழங்கால் அளவு. இப்படி ஒரு மழை வழக்கத்தில் இல்லாதது, காலநிலை மாற்றத்தின் விளைவு என்று ஒரு பக்கம் பேசினார்கள். கால்வாயைத் தூர்வாரவில்லை, கம்மாயைச் சுருக்கிவிட்டார்கள் என்று மறுபக்கம் பேசினார்கள். இரண்டுமே உண்மை. காற்றில் சூடு கூடினால் அது பிடித்து வைத்திருக்கும் ஈரமும் கூடும், கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். ஆகவே முன்னைவிடக் கால்வாய் அகலமாக அல்லவா இருக்க வேண்டும்? வானத்தின்மேல் பழி போட்டுவிட்டால் கம்மாய்க்குள் வீடும் கட்டடமும் எழுப்பியவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். காலநிலை மாற்றத்தால் ஆதாயம் அடைபவர்களின் பட்டியலில் இவர்களை யாரும் சேர்ப்பதில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது அரிட்டாபட்டி. மேலூர்ப் பக்கம் ஏழு மலைக் குன்றுகள், சமணப் படுகைகள், தமிழிக் கல்வெட்டு, குடைவரைக் கோயில், 250 வகைப் பறவைகள், அந்தப் பாறைகளில் கூடு கட்டும் லகர் வல்லூறு. 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 193 ஹெக்டேரை அரசு அறிவித்தது. இரண்டு ஆண்டு கழித்து, அதே நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி என்ற பெயரில் சுமார் 2,000 ஹெக்டேரை ஏலம் எடுக்க வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் தேர்வானதாக மத்திய அரசு அறிவித்தது. அந்தப் பரப்புக்குள் மரபுத் தலமும் வந்தது. பசுமை ஆற்றலுக்கும் மின்னணுவுக்கும் பாதுகாப்புத் துறைக்கும் வேண்டிய முக்கியக் கனிமங்கள் என்று 24ஐப் பட்டியலிட்டு, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை 2023இல் ஒரு திருத்தச் சட்டத்தின் வழியாக மத்திய அரசு எடுத்துக்கொண்டிருந்தது. டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் ஒன்று.

கிரானைட்டுக்காக மலைகள் காணாமல்போனதைக் கண்ணால் பார்த்த ஊர்கள் அவை. அப்போதைய ஆட்சியர் சகாயம் 2012இல் எழுதிய கடிதத்தில் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று குறிப்பிட்டிருந்தார். ஆகவே அந்த மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. கட்சிகள் வழக்கம்போல் பேசின. திருத்தச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் ஆதரித்தது அ.தி.மு.க. என்றது தி.மு.க.; ஏலம் நடந்த மாதங்களில் வாயைத் திறக்காதது மாநில அரசு என்றது அ.தி.மு.க. 2024 டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றத்தில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் திரண்டு மதுரை தல்லாகுளத்துக்கு வந்தன. நானும் போய் நின்றேன். கட்சிக் கொடி இல்லாமல் அவ்வளவு கூட்டத்தை இந்த ஊரில் நான் அதிகம் பார்த்ததில்லை. ஜனவரி 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. ஊர்ப் பிரதிநிதிகளை டெல்லிக்கு அழைத்துப் போய் அமைச்சரைப் பார்க்க வைத்த பா.ஜ.க.வும், மூன்று நாள் கழித்து அரிட்டாபட்டிக்கே வந்து பாராட்டு விழாவில் கலந்துகொண்ட முதலமைச்சரும் வெற்றியைத் தத்தம் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் காலநிலை மாற்றத்தை மறுத்தவர் யாரும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவர்கள் மறுத்தது வேறொன்றை. உலகத்துக்குப் பசுமை வேண்டும் என்பதற்கான விலையைத் தங்கள் மலையும் கம்மாயும் கொடுக்க வேண்டும், ஆதாயம் வேறெங்கோ போகும் என்ற ஏற்பாட்டைத்தான் அவர்கள் மறுத்தார்கள். நம் நாட்டில் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு வெளிவருகிறது; அமெரிக்காவில் சுமார் 14 டன். இதில் அரிட்டாபட்டியில் ஆடு மேய்ப்பவரின் பங்கு என்ன இருக்கும்? தம்பியைப் போன்றவர்களின் சந்தேகமும் மேலூர்க்காரர்களின் சந்தேகமும் வெளியே பார்க்க ஒன்றுபோல் இருக்கின்றன. தம்பி சந்தேகப்படுவது வெப்பமானியை. மேலூர்க்காரர்கள் சந்தேகப்பட்டது ஏல அறிவிப்பை.

மறுநாள் காலையில் காபி குடித்து முடித்ததும் மாமா மஞ்சப்பையை அவிழ்த்தார். “நேத்து பேசுனதெல்லாம் இருக்கட்டும் மாப்ள, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு” என்று பத்திரத்தைத் தம்பியிடம் நீட்டினார். எண்ணெய்க் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் வாசித்துப் பழகிய கண் அவனுக்கு. பேனாவை எடுத்துக்கொண்டு வரி வரியாகப் போனான். குத்தகைக் காலம் 29 ஆண்டு 11 மாதம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வு. கம்பெனி நினைத்தால் ஆறு மாத அறிவிப்பில் விலகலாம், நிலத்துக்காரர் விலக முடியாது. குத்தகை உரிமையை வங்கியில் அடகு வைக்கவும் வேறு கம்பெனிக்கு மாற்றவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த நிலத்தில் இருந்து கிடைக்கும் கார்பன் வரவுகளும் பசுமைச் சலுகைகளும் முழுக்க அவர்களுக்கே. காலம் முடிந்தபின் தகடுகளையும் கான்கிரீட்டையும் யார் பெயர்த்து எடுப்பது என்று ஒரு வரியும் இல்லை. காட்டின் நடுவே ஓடி ஊர்க் கம்மாய்க்குப் போகும் ஓடையைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

மாமா கேட்ட கேள்வி எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போகும் ராமநாதபுரத்துக் கீதாரி ஒருவர் இருபது வருடமாக வந்து அந்தக் காட்டில் கிடை போடுகிறார். ஆட்டுப் புழுக்கை நிலத்துக்கு, மேய்ச்சல் ஆட்டுக்கு, இடையில் மாமா கொடுப்பது கொஞ்சம் தானியம். அவருக்குப் பட்டாவும் இல்லை, பத்திரமும் இல்லை. வேலி போட்டால் அவர் எங்கே போவார் என்று கேட்டார்.

தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு மாமாவின் கண்ணாடிக் கூட்டை எடுத்துப் பத்திரத்தின்மேல் பாரமாக வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாள் கேட்டான். தகடுகளைப் பெயர்த்தெடுக்கும் செலவுக்குக் கம்பெனி முன்பணம் கட்ட வேண்டும், ஓடையை மறிக்கக் கூடாது, கார்பன் வரவில் நிலத்துக்காரருக்குப் பங்கு வேண்டும், தகடுகளைத் தரையில் இருந்து உயர்த்திப் போட்டு மேய்ச்சலுக்கு விட வேண்டும் என்று நான்கு திருத்தங்களை ஆங்கிலத்தில் எழுதினான். ஒவ்வொன்றையும் நான் அடியிலேயே தமிழில் எழுதினேன். அந்தத் தாளை நான்காக மடித்துப் பத்திரத்துக்குள் வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மாமா பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். புரோக்கர் இன்னும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.